கலைமதியின் கால் அளவு

கடைக்குப் போய்ப் பொருள் வாங்குகிறவர்களைப் பார்த்தால் அய்யப்பனுக்குப் பாவமாக இருக்கும். வெயிலில் பஸ் ஏறி, கூட்டத்தில் இடிபட்டு, கடைக்காரர் எடுத்துப் போட்டதில் ஒன்றைச் சுமந்துகொண்டு வருவதெல்லாம் பிழைக்கத் தெரியாதவர்கள் செய்கிற வேலை என்பது அவர் கட்சி. சார்ஜாவில் ஒரு பெரிய கிடங்கில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, போதும்டா சாமி என்று ஊருக்கே திரும்பியவர். அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார். கீரமங்கலத்துக்குக் கிழக்கே உள்ள அந்தச் சின்ன ஊரில் அவர் வீட்டுக்கு மட்டும் மிக்சியிலிருந்து முதுகு சொறியும் குச்சி வரைக்கும் பார்சலில்தான் வரும். பார்சல் கொண்டுவருகிற ஆள் அவரிடம் வழி கேட்பதை நிறுத்தி வெகுநாள் ஆகிறது.

ஆனால் நாம் பேச வந்தது அவரைப் பற்றி இல்லை, அவர் மனைவி கலைமதியைப் பற்றி. என்ன செய்வது, கலைமதி தன்னைப் பற்றி வாயைத் திறக்கிற ரகம் இல்லை. அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அய்யப்பன் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

புருஷன் வெளிநாட்டில் இருந்த காலம் முழுக்க முல்லைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டது கலைமதி. விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பனியில் நனைந்து பூப் பறித்து, கமிஷன் கடைக்கு முதல் ஆளாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவர். மகள் இளமதியை இஞ்சினியரிங் படிக்கவைத்து, கோயம்புத்தூரில் வேலைக்கு அனுப்பி, கல்யாணத்தையும் முடித்தது அவர். கல்யாணத்துக்கு அய்யப்பன் வந்தார், பந்தியில் நின்று எல்லாரையும் கவனித்தார், போய்விட்டார். வெள்ளிக்கிழமை தோறும் சார்ஜாவிலிருந்து போன் வரும். "எல்லாம் எப்படி இருக்கு கலை?" என்பார். "நல்லாத்தாங்க இருக்கு," என்பார் கலைமதி. இருபது வருஷமாக இதே கேள்விக்கு இதே பதில்.

கஜா புயல் அடித்த வாரமும் அதே பதில்தான். தென்னை அத்தனையும் வேரோடு விழுந்து, கொல்லைப்புற ஓடு பறந்து, தார்ப்பாய்க்கடியில் தாயும் மகளும் படுத்திருந்தபோதும் "நல்லாத்தாங்க இருக்கோம்" என்றே சொல்லியிருக்கிறார். ஊரிலிருந்து அங்கே வேலைக்கு வந்த ஒருவர் சொல்லித்தான் அய்யப்பனுக்கு விஷயம் தெரிந்தது. பதறிப்போய் போன் அடித்தார். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார். "சொன்னா அங்கிட்டு இருந்து வந்து மரத்த நிமித்தவா போறீங்க? வேலையப் பாருங்க," என்றார் கலைமதி. அதற்குள் பாதி மரத்தை அறுத்து விற்று, முல்லைக்குப் புதுப் பதியன் போட்டிருந்தார். அப்படி ஒரு மனுஷி.

அய்யப்பன் திரும்பி வந்த பிறகு கலைமதிக்குச் சர்க்கரை லேசாகத் தலைகாட்டியது. டாக்டர் நடக்கச் சொன்னார். அறந்தாங்கியில் வங்கியில் வேலை பார்க்கும் அடுத்த தெரு சத்யபிரியாவும் இன்னும் இரண்டு பேரும் கல்லணைக் கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தார்கள். கலைமதியும் பூப் பறித்து முடித்துவிட்டு அவர்களோடு சேர்ந்துகொண்டார். ஒருநாள் நடையில் சத்யபிரியா பொதிகை மலையைப் பற்றிச் சொன்னார். அகத்தியர் இருக்கிற மலை, மூன்று நாள் காட்டில் நடக்க வேண்டும், முன்பெல்லாம் பெண்களை ஏறவிடவில்லை, இப்போது விடுகிறார்கள், தை மாதம் போகலாம் என்றிருக்கிறோம் என்றார். கலைமதி அடுத்த மதகு வரைக்கும் நடந்தார். பிறகு, "எம் பேரையும் போடு," என்றார்.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அய்யப்பன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு இது வேண்டும் என்று கலைமதி கேட்டு அவர் கண்டதே இல்லை. சேலை வேண்டுமா என்றால் இருக்கிறது என்பார். கொடைக்கானல் போவோமா என்று ஒவ்வொரு லீவிலும் இவர் ஆரம்பிப்பார், பூ யார் பறிக்கிறது என்று அவர் முடித்துவிடுவார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைக் கேட்கிறார், அதுவும் ஒரு மலையைக் கேட்கிறார். இதை மட்டும் நடத்திக் கொடுத்துவிட வேண்டும் என்று அய்யப்பன் அன்றைக்கே முடிவுகட்டிவிட்டார்.

வனத்துறை அனுமதி ஆன்லைனில் திறந்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடுமாம். சத்யபிரியா வங்கிக்காரர் ஆயிற்றே, விரல் பரபரவென்று ஓடியது, எல்லாருக்கும் இடம் பிடித்துவிட்டார். "எல்லாரும் நல்ல ஷூ வாங்கிருங்க. வழுக்குப்பாறை, அட்டை, எறக்கம் எல்லாம் இருக்கு. செருப்போட வந்தா பாதியிலயே திரும்ப வேண்டியதுதான்," என்றும் சொன்னார். கலைமதி அதுவரை ஷூ என்ற ஒன்றைப் போட்டதே கிடையாது.

"புதுக்கோட்டைக்கு ஒரு நடை போயிட்டு வருவோமா?" என்று மெதுவாகக் கேட்டார் கலைமதி.

"எதுக்கு? மலையே போன்லதான் கெடைச்சிருக்கு. ஷூ கெடைக்காதா?" என்றார் அய்யப்பன்.

இரண்டு நாள் சோறு தண்ணி மறந்து தேடினார். எது தண்ணீர் புகாது, எதன் அடிப்பாகம் பாறையைப் பிடிக்கும் என்று வாங்கியவர்கள் எழுதியதையெல்லாம் வரி விடாமல் படித்தார். அளவு கேட்கிற இடம் வந்தது. "ஒனக்கு ஆறுதானே?" என்று அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஆமாங்க," என்று பதில் வந்தது. தங்கள் கல்யாணத்துக்கு அவர் வாங்கிக் கொடுத்த செருப்பு ஆறு. ஒவ்வொரு லீவுக்கும் சார்ஜாவிலிருந்து கொண்டுவந்ததும் ஆறு. இந்த ஷூவில் அளவு கொஞ்சம் சின்னதாக இருக்கிறது, ஒன்று கூட்டி எடுங்கள் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அய்யப்பன் விவரமாக ஏழு போட்டார். தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தானே தலையை ஆட்டிக்கொண்டார்.

ஷூ வந்தது. சாம்பல் நிறம், ஓரத்தில் ரோஸ். கலைமதி நாற்காலியில் உட்கார்ந்து காலை நுழைத்து, நுழைத்து, எழுந்து நின்றார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தாங்க இருக்கு."

அய்யப்பன் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினார். வாங்கிய இடத்தில் ஐந்து நட்சத்திரத்தையும் குத்தி, 'மனைவிக்கு மிகவும் பிடித்துவிட்டது' என்று எழுதியும் போட்டார். திருப்பி அனுப்புகிற கெடு வந்தது, போனது. அதைப் பற்றி நினைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

புறப்படப் பத்து நாள் இருக்கும். ஒருநாள் காலையில் கலைமதி போனை வீட்டிலேயே விட்டுவிட்டு நடக்கப் போய்விட்டார். கொடுத்துவிட்டு வருவோம் என்று அய்யப்பன் பைக்கில் கிளம்பினார். தைலமரக் காட்டைத் தாண்டி வளைந்தால் கால்வாய்க் கரை. அங்கே கலைமதி வந்துகொண்டிருந்தார். ஷூ இரண்டையும் கயிற்றால் முடிந்து தோளில் தொங்கவிட்டிருந்தார். வெறுங்காலோடு அப்படி ஒரு வீச்சு நடை, பின்னால் சத்யபிரியாவும் மற்றவர்களும் ஓட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். அய்யப்பன் கூப்பிட வாயெடுத்தவர், ஏனோ பைக்கை மரத்தோரம் தள்ளிக்கொண்டு நின்றுவிட்டார். ஊர் முனை வந்ததும் கலைமதி மற்றவர்களை அனுப்பிவிட்டு மதகில் உட்கார்ந்தார். சாக்ஸை மாட்டி, ஷூவுக்குள் காலைத் திணித்தார். முகம் சுருங்கியது. கயிற்றைக் கட்டிவிட்டுச் சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

அய்யப்பன் குறுக்கு வழியில் பைக்கை விரட்டி வந்து பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துகொண்டார். எழுத்து ஒன்றும் கண்ணில் ஏறவில்லை. கலைமதி உள்ளே வந்தார்.

"நடை எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தாங்க இருந்துச்சு."

அந்தப் பதில் அய்யப்பனுக்கு நெஞ்சில் போய்க் குத்தியது. சார்ஜாவில் கட்டிலில் படுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை தோறும் கேட்டு நிம்மதியாகத் தூங்கிய பதில் அது. எத்தனை வெள்ளிக்கிழமை மதகில் உட்கார்ந்து முகத்தைச் சரிசெய்துகொண்டு சொன்னதோ தெரியவில்லையே என்று நினைத்தார். எழுந்து போய் எதிரே நின்றார். "சாக்ஸக் கழட்டு," என்றார்.

பெருவிரல் நகம் கறுத்திருந்தது. மெட்டி போட்ட விரல் இரண்டு பக்கமும் உரிந்து சிவந்திருந்தது.

"பழகப் பழகச் சரியாப் போயிரும். தோலுதானே," என்றார் கலைமதி.

"ஏன் சொல்லல?"

"நீங்க ஆசையா வாங்குனது."

"அப்ப நான் சார்ஜாவுல இருந்து கொண்டாந்த செருப்பெல்லாம்?"

கலைமதி சாக்ஸைச் சுருட்டினார். "அதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஒங்க தங்கச்சிக்கு."

அய்யப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. லீவில் வரும்போதெல்லாம் தங்கச்சி காலில் பளபளவென்று செருப்பைப் பார்த்து, மாப்பிள்ளை இவளை நன்றாக வைத்திருக்கிறார் என்று எத்தனையோ தடவை சந்தோஷப்பட்டிருக்கிறார். சொல்லிச் சிரிக்கிற விஷயம்தான். அன்றைக்கு அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் சத்யபிரியாவுக்குப் போயிற்று. புது ஷூ அழுக்காகக் கூடாதென்றுதான் தோளில் போட்டு நடக்கிறார் என்று நினைத்திருந்தவர், வந்து நகத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அக்கா, காட்டுக்குள்ள ஒருத்தருக்கு முடியலன்னா தனியா உக்கார வைக்க முடியாது. கூட ஒருத்தர் எறங்கி வரணும். பாத்துக்கங்க," என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கலைமதி அதைக் கேட்டவுடனே, "அப்ப நான் வரல. என்னால இன்னொருத்தரு மலையப் பாக்காம எறங்க வேணாம்," என்று சொல்லிவிட்டுப் பூக்கூடையைக் கழுவப் போய்விட்டார். ஒரு பெருமூச்சுகூட இல்லை. கொடைக்கானலை விட்டமாதிரியே பொதிகையையும் விட்டுவிட்டார்.

அய்யப்பன் அங்கேயே நின்றார். பிறகு பைக் சாவியை எடுத்தார். "சேலைய மாத்து. புதுக்கோட்டைக்குப் போறோம்," என்றார்.

கீழ ராஜ வீதியில் ஒரு கடை. போலீஸ் தேர்வுக்கு ஓடுகிற பிள்ளைகளும் விளையாட்டுப் போட்டிக்குப் போகிற பிள்ளைகளும் ஷூ வாங்குகிற இடம். நடத்துவது புவனேஸ்வரி என்ற அம்மா, வாய் ஓயாத ஆள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மலைக்கா? அப்ப இப்ப அளக்கக் கூடாதுங்க. காலையில காலு ஒரு அளவு, பொழுது எறங்கையில ஒரு அளவு. மலையில ஏறி எறங்குனா இன்னும் வீங்கும். சாப்பிட்டு நாலு தெரு சுத்திட்டு வாங்க," என்று திருப்பி அனுப்பிவிட்டார். வியாபாரத்தைத் தள்ளிவிடுகிற கடைக்காரரை அய்யப்பன் அன்றைக்குத்தான் பார்க்கிறார். இருவரும் பிரகதாம்பாள் கோயிலுக்குப் போய்விட்டு, ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு, வேலையே இல்லாமல் தெருத் தெருவாக நடந்தார்கள். இப்படிச் சேர்ந்து நடந்தது கல்யாணம் ஆன புதிதில் என்று அய்யப்பன் நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் புவனேஸ்வரி ஓர் அளவுப் பலகையைத் தரையில் போட்டு, சாக்ஸோடு ஏறி நிற்கச் சொன்னார். குனிந்து பார்த்துவிட்டு அய்யப்பனை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆறுன்னா சொன்னீங்க? எட்டுங்க. அதுவும் நீளத்துக்கு மட்டும். இந்த அகலத்துக்கு லேடீஸ்ல ஷூவே கெடையாது. ஆம்பளைங்க ஷூலதான் பாக்கணும்."

கலைமதி வெட்கத்தில் விரல்களை மடக்கினார். ஈர மண்ணில் வெறுங்காலை ஊன்றி ஊன்றி விரிந்த பாதம். அய்யப்பன் தன் காலைப் பார்த்தார். அவருக்கும் எட்டுதான்.

"இத்தன வருசம் எதைத்தான் போட்ட?" என்று கேட்டார்.

"நீங்க லீவு முடிஞ்சு விட்டுட்டுப் போற ரப்பர் செருப்பத்தான்," என்றார் கலைமதி. "அது நல்லாருக்கும்."

ஒவ்வொரு லீவுக்கும் ஊருக்கு வந்து செருப்பைத் தேடினால் அது தேய்ந்து, வார் அறுந்து கிடக்கும். எவன் போட்டு இழுத்தான் என்று சத்தம் போட்டுவிட்டுப் புதிது வாங்குவார். இப்போது அய்யப்பன் கடைச் சுவரில் தொங்கிய பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மண் நிறத்தில் ஒரு ஜோடி வந்தது. ஆம்பளை ஷூ, ரோஸ் கீஸ் எதுவும் இல்லை. புவனேஸ்வரி சரிவாக ஒரு பலகையைப் போட்டு அதில் இறங்கி நடக்கச் சொன்னார். "நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிராதீங்கம்மா. எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க," என்றார். கலைமதிக்கு அது வரவே இல்லை. "பரவால்ல" என்றார். "ஒண்ணுமில்ல" என்றார். கடைசியில் அய்யப்பன்தான் அவர் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தா, அந்த எடத்துல இடிக்குது," என்றார். புவனேஸ்வரி கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

"ஷூ சரியாத்தான் இருக்கு. மெட்டிதான் இடிக்குது. எறக்கத்துல விரலையே அறுத்துரும். கழட்டி வச்சுட்டுப் போங்கம்மா."

கலைமதி உடனே உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். "வேணாங்க. போவோம்," என்றார்.

"ஏன்?"

"இளமதியப் பெத்தப்ப நர்சு கழட்டச் சொல்லுச்சு, கழட்டல. நீங்க கடலு தாண்டி அங்கிட்டுக் கெடந்தப்ப, ராத்திரி பகல்னு ஒரு நாளு கழட்டல. இப்ப ஒரு மலைக்காகக் கழட்டவா?" இவ்வளவு நீளமாக அவர் பேசி அய்யப்பன் கேட்டதில்லை. குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனுஷனை இந்தப் பக்கம் இரண்டு வெள்ளி வளையத்தால் பிடித்துவைத்திருந்ததாக அவர் நம்பியிருக்கிறார். அதைப் போய் யார் தப்பென்று சொல்வது?

"இப்ப நான் இங்கிட்டுத்தானே இருக்கேன் கலை," என்றார் அய்யப்பன். "அம்மி மேல காலை வச்சு நாந்தானே போட்டேன். நான் கழட்டுனா கணக்குல வராது."

சொல்லிவிட்டுத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். போலீஸ் தேர்வுக்கு ஷூ பார்க்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கலைமதி காலை உள்ளே இழுத்தார். "எந்திரிங்க. கடையில வச்சுக் காலத் தொடாதீங்க," என்று தவித்தார். அய்யப்பன் விடவில்லை, சாக்ஸை உருவினார். மெட்டி வருஷக்கணக்கில் ஊறிப்போய் நகர மறுத்தது. புவனேஸ்வரி பேசாமல் தேங்காய் எண்ணெயை எடுத்துக் கொடுத்தார். எண்ணெய் விட்டுத் திருகித் திருகி எடுத்தபோது அந்த இடம் மட்டும் வெளுத்து, கல்யாணத்தன்று பார்த்த விரலைப்போல இளசாக இருந்தது. அன்றைக்குப் பிடித்த காலை அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் பிடிக்கிறோம் என்று அய்யப்பனுக்குத் தோன்றியது. கண் கலங்கிவிட்டது. மெட்டி இரண்டையும் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

கலைமதி மறுபடி ஷூவைப் போட்டுச் சரிவில் இறங்கினார். புருவம் சுருங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்த ஷூவோடுதான் பூப் பறித்தார். "என்ன கலை, போலீசுல சேந்துட்டியா?" என்று தோட்டத்துப் பெண்கள் கேலி பேசினார்கள். "ஆமா, ஒன்னயத்தான் மொதல்ல பிடிக்கணும்," என்று சிரித்துக்கொண்டே கூடையை நிறைத்தார். பிறகு ஒரு காலையில் சத்யபிரியா ஏற்பாடு செய்த காரில் ஏறிப் போய்விட்டார்.

அந்த நாட்களில் பூப் பறித்தது அய்யப்பன். நெற்றியில் லைட், காலில் செருப்பு. செருப்பு சேற்றில் மாட்டி வார் அறுந்தது. கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினார். முதல் நாள் முள், இரண்டாம் நாள் எறும்பு. கமிஷன் கடைக்குக் கடைசி ஆளாகப் போய்ச் சேர்ந்தார். இதைத்தானே அவள் ஒரு வார்த்தை பேசாமல் செய்துகொண்டிருந்தாள் என்று வரப்பில் உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். போன் அடிக்கவில்லை. காட்டுக்குள் டவர் கிடையாது. சட்டைப் பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். இப்போது பிடித்துவைத்திருக்க வேண்டிய முறை அவருடையது.

கடைசி நாள் பொழுது சாய்கிற நேரம் போன் வந்தது. அய்யப்பன் எழுந்து நின்றுகொண்டார். எப்படி இருக்கே, எல்லாம் எப்படி இருக்கு என்று வாய் வழக்கப்படி ஆரம்பித்தது. அதை நிறுத்திக்கொண்டு, "கலை, காலு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.



"எடது சுண்டுவெரலு காந்துதுங்க," என்றார் கலைமதி. "எறக்கத்துல முட்டி ரெண்டும் கெஞ்சிருச்சு. அட்டை நாலு எடத்துல கடிச்சிருச்சு. குளிரு தாங்கல. பாறையில கயித்தப் பிடிச்சு ஏறணும், பாதியில பயந்துபோயி நின்னுட்டேன். காலப் பாத்தேன். ஒங்க அளவு ஷூதானேன்னு நெனச்சு ஏறிட்டேன். மேல போயி நின்னு அழுதுட்டேங்க."

அய்யப்பன் தோட்டத்து வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷத்து வெள்ளிக்கிழமைகளில் ஒன்றிலாவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

"சொல்லு," என்றார். "வேற எங்கெங்க வலிக்குது? எல்லாத்தையும் சொல்லு."